பண்ணைக்குட்டையில் தண்ணீர் நிற்க எது சரி: பென்டோனைட்டா, ஷீட்டா, ஏரி வண்டலா?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டுவது ஹிட்டாச்சிக்குச் சில நாள் வேலை. அதில் தண்ணீரை நிறுத்தி வைப்பதுதான் பாடு. பர்கூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, காரிமங்கலம் என்று மாந்தோப்பு இருக்கிற இடங்களில் பெரும்பாலும் மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே மக்கிய பாறை. புரட்டாசி மழையில் கரை தொட்டு நிரம்பிய குட்டை தீபாவளிக்குள் பாதியாகிவிடும். பொங்கலுக்கு அடியில் சேறுதான் மிஞ்சும். மாமரத்துக்குத் தண்ணீர் தேவைப்படுவதோ அதற்கப்புறம், பிஞ்சு பிடித்துக் காய் பெருக்கிற மாசி, பங்குனி, சித்திரையில்.

"பென்டோனைட் பவுடர் போட்டால் கசிவு நின்றுவிடுமாமே, குட்டைக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட் செலவு மிச்சம்தானே?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். நல்ல கேள்விதான். தண்ணீர் பட்டால் உப்பும் களிமண் வகையான பென்டோனைட் அருமையான பொருள். ஆனால் எல்லாக் குட்டைக்கும் அது பொருந்தாது. நம் மாவட்டங்களின் கோடைக்கு எது பொருந்தும் என்பது தனிக் கணக்கு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதைப் போடுவது என்பதை மூட்டை விலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. கோடையில் உங்கள் குட்டை முழுசாகக் காய்ந்துபோகுமா, அதில் வந்து சேருவது மழைத் தண்ணீரா போர்த் தண்ணீரா, இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடைக்கத்தான் வேண்டுமா?

குட்டையில் இருந்து கசியும் தண்ணீர் எங்கும் காணாமல் போவதில்லை. கீழே இறங்கி, மக்கிய பாறையிலும் அதன் வெடிப்புகளிலும் சேர்கிறது. குட்டைக்குக் கீழ்ப்புறம், கூப்பிடு தூரத்தில் உங்கள் கிணறோ போரோ இருந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு உங்களுக்கே திரும்பி வரும். வெயிலில் ஆவியாகாமல் பூமிக்குள் பத்திரமாகவும் இருக்கும். மழை முடிந்து குட்டை வற்றுகிற நாட்களில் கிணற்று மட்டம் ஏறுகிறதா என்று ஒரு பருவம் கயிறு விட்டு அளந்து பாருங்கள். ஏறினால் அந்தக் குட்டையை அடைக்க வேண்டாம். வண்டல் படிந்தால் வாரி எறிந்து, இன்னும் நன்றாகக் கசிய விடுங்கள்.

கிணறு மேட்டில், குட்டை பள்ளத்தில் என்றாலோ, போர் ஏற்கனவே கைவிட்டுப்போய்க் குட்டைத் தண்ணீரை மட்டும் நம்பி மரம் வைத்திருக்கிறீர்கள் என்றாலோதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

பென்டோனைட் எப்படி வேலை செய்கிறது

பென்டோனைட் என்பது எரிமலைச் சாம்பலும் எரிமலைப் பாறையும் நாள்பட்டு மாறி உருவான களிமண். அதில் பெரும்பங்கு மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். உருப்பெருக்கிக்கும் எட்டாத மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காக இருப்பதுதான் அதன் அமைப்பு. ஒரு ஏட்டின் கனம் சுமார் ஒரு நானோமீட்டர். இரண்டு சிலிக்கா தகடுகளுக்கு நடுவே ஓர் அலுமினா தகடு சேர்ந்தது ஓர் ஏடு. அந்த நடுத்தகட்டில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் ஏட்டுக்கு எதிர்மின்னேற்றம் வந்துவிடுகிறது. அதைச் சமன் செய்ய ஏடுகளுக்கு இடையே சோடியமோ கால்சியமோ வந்து தங்குகிறது.

இந்த இடைவெளிக்குள்தான் தண்ணீர் நுழைகிறது. இடையில் இருப்பது சோடியம் என்றால் பிடிப்பு லேசானது. தண்ணீர் ஏறிக்கொண்டே போகும், ஏடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் கூழாகிவிடும். நல்ல சோடியம் பென்டோனைட் காய்ந்திருந்த அளவைப் போல் பத்து முதல் பதினைந்து மடங்கு வரை உப்பும். கால்சியம் என்றால் இரட்டை மின்னேற்றம், பிடிப்பு கெட்டி. ஓரளவு தண்ணீரை உள்ளே விட்டதும் ஏடுகள் விலகுவது நின்றுவிடும். பெயர் ஒன்றுதான், மூட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் குட்டைக்கு இவை இரண்டும் வேறு வேறு சரக்கு.

ஒரு கிராம் மான்ட்மோரில்லோனைட்டில் உள்ள ஏடுகளை எல்லாம் பிரித்துப் பரப்பினால் 700 சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் கணக்கில் பதினேழு சென்ட். அவ்வளவு பரப்பும் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவதால்தான், மண் துகள்களுக்கு இடையே சிக்கி உப்பிய பென்டோனைட் தண்ணீருக்கு வழி விடுவதில்லை.

இந்தக் குணத்தை வைத்துத்தான் பெரிய தொழில்களே நடக்கின்றன. வார்ப்பாலைகளில் மணல் அச்சு உதிராமல் நிற்பதற்கு மணலோடு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு பென்டோனைட் கலப்பார்கள். ஓசூர்ப் பக்கம் வார்ப்படத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தினசரிச் சரக்கு. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் ஓடவிடும் சேற்றிலும், பாலத்துக்கு அஸ்திவாரத் தூண் இறக்கும்போது குழியின் பக்கவாட்டு மண் சரியாமல் தாங்கும் குழம்பிலும் இதுதான் சேர்கிறது. இரும்புத் தாதுப் பொடியை உருண்டை பிடிக்கவும் இதையே ஒட்டுப்பொருளாகப் போடுகிறார்கள். அமிலத்தில் பக்குவப்படுத்திய வகை சமையல் எண்ணெயின் நிறம் நீக்கப் போகிறது. கோழித் தீவனத்தில் பூஞ்சை நஞ்சைப் பிடித்து வைக்கவும் சேர்க்கிறார்கள். நம் ஊரில் போர் போட வரும் வண்டிகளில் மட்டும் இது பெரும்பாலும் இருக்காது. கெட்டிப் பாறையில் காற்றழுத்தச் சுத்தியலால் துளைப்பதால் சேறு தேவைப்படுவதில்லை.

குட்டைக்கு வருவோம். பவுடரைத் தண்ணீர் மேல் தூவினால் போதும், அதுவாகப் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படிச் செய்தால் பெரும்பகுதி வீண். சரியான முறை, குட்டையைக் காயவைத்து, கல் பொறுக்கி, அடிமண்ணையும் சரிவையும் அரையடி ஆழத்துக்கு உழுது, பென்டோனைட்டை உலர்ந்த மண்ணோடு கலந்து கெட்டிப்படுத்துவது. மண்ணின் தன்மையைப் பொறுத்து சதுர மீட்டருக்கு 5 முதல் 15 கிலோ வரை ஆகும். நம் சரளைக்கு 10 கிலோவுக்குக் குறைத்து நினைக்க வேண்டாம். இரண்டரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் கட்டங்களாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு 50 கிலோ மூட்டை பிரித்துக் கொட்டினால் சதுர மீட்டருக்கு 10 கிலோ சரியாக விழும். பலகையால் இழுத்துப் பரப்பி, ரோட்டவேட்டரை குறுக்கும் நெடுக்கும் ஓட்ட வேண்டும். அப்புறம்தான் தண்ணீர் தெளிப்பது. கையில் அள்ளிப் பிசைந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. அந்தப் பதத்தில் ரோலர் விட்டு, மேலே அரையடியாவது சாதாரண மண்ணைப் போட்டு மூடி அதையும் கெட்டிக்க வேண்டும். மேல்மண்ணின் பாரம் இல்லாவிட்டால் பென்டோனைட் தாராளமாக உப்பிக் கூழாக நிற்குமே தவிர இறுகாது. காற்றில்லாத நாளில் வேலை வைத்துக்கொள்ளுங்கள். பவுடரில் சிலிக்கா தூசு உண்டு, ஆட்களுக்கு முகக்கவசம் கொடுக்காமல் இறக்கக் கூடாது.

இப்படி ஒழுங்காகச் செய்த அரையடி அடுக்குக்கு மேல் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால், கசிவு நாளுக்கு சுமார் இரண்டு மி.மீ. அளவில்தான் இருக்கும். கோடையில் வெயில் குடிப்பதோ நாளுக்கு ஐந்து மி.மீ.க்கு மேல். ஆக, கசிவை ஆவியாவதைவிடக் கீழே கொண்டுவந்துவிடலாம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட என்ன வேண்டும்?

காய்ந்துபோகும் குட்டை

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பென்டோனைட் அடுக்கு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நீர்மட்டம் ரொம்ப ஏறி இறங்கும் குட்டைக்கு பென்டோனைட் வேண்டாம் என்று அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைக்குட்டைக் கையேடே சொல்கிறது. நம் மாந்தோப்புக் குட்டையின் வேலையே ஏறி இறங்குவதுதான். ஐப்பசியில் நிரம்பி, மாசி முதல் சொட்டுநீரில் இறைத்து, வைகாசிக்குள் துடைத்து எடுக்கிறோம். அதாவது வெயில் உச்சத்தில் இருக்கும்போது குட்டை வெறுமையாகக் கிடக்கிறது.

ஏப்ரலில் காய்ந்த ஏரிக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். களிமண் தரை ஓடு ஓடாகப் பிளந்து, பிளவுக்குள் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கும். எவ்வளவு உப்புகிறதோ அவ்வளவு சுருங்கவும் செய்யும் என்பது இந்த வகைக் களிமண்ணின் மறுபக்கம். பென்டோனைட் கலந்த மண்ணும் அப்படித்தான் வெடிக்கும். மேலே போட்ட மூடுமண் கொஞ்ச நாள் ஈரத்தைக் காப்பாற்றும், மூன்று மாத வெயிலுக்கு அது தாங்காது.

மறுபடி மழை வந்தால் உப்பி வெடிப்பு மூடிவிடாதா? மூடும், சோடியம் இருக்கும் வரையில். நம் மண்ணிலும் தண்ணீரிலும் கால்சியம் நிறைய. சுண்ணாம்புச் சத்துள்ள சுக்கான் கற்கள் கிடக்கும் நிலம் என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் கரைந்து வரும் கால்சியம், ஏடுகளுக்கு இடையில் இருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வருடா வருடம் இது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். நாம் சோடியம் பென்டோனைட் என்று பணம் கொடுத்துப் போட்டது மெல்ல மெல்லக் கால்சியம் பென்டோனைட் ஆகிவிடும். அதற்கப்புறம் காய்ந்து வெடித்தால் வெடிப்பு முழுசாக மூடாது. காய்வதும் கால்சியமும் சேர்ந்து வரும் இடத்தில்தான் இது தோற்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் ஓரளவு சமாளிக்கும்.

மழைத் தண்ணீர் மட்டும் சேரும் குட்டையில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும். போரில் இருந்து எடுத்துக் குட்டையில் தேக்கி, மின்சாரம் இருக்கும்போது பாய்ச்சுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் அந்தத் தண்ணீர் பென்டோனைட்டுக்கு ஆகாது. குடிநீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பார்க்கும் பழக்கம் நம் இரண்டு மாவட்டத்துக்கும் உண்டு. குட்டைக்கு பென்டோனைட் என்று யோசிப்பவர்கள் கால்சியமும் கடினத்தன்மையும் எவ்வளவு என்று அதே மாதிரி பரிசோதித்துவிட வேண்டும்.

மூட்டையில் இருப்பது என்ன

இத்தனைக்கும் பிறகு பென்டோனைட்தான் என்று முடிவெடுத்தால், வாங்கும் இடத்தில் ஏமாறக் கூடாது. இந்தியாவில் இது பெரும்பாலும் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பக்கங்களில் இருந்து வருகிறது. அங்கிருந்து இங்கே வர 1,500 கிலோமீட்டருக்கு மேல். லாரி வாடகையும் விலையில் ஏறி உட்காரும்.

எர்த்திங் குழிக்குப் போடும் பவுடர் மின்பொருள் கடையில் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிட வேண்டாம். அவற்றில் பலவற்றில் மின்சாரம் நன்றாகக் கடத்துவதற்காகக் கிராஃபைட்டோ உப்போ கலந்திருக்கும். வார்ப்பாலைக்கு வரும் சரக்கிலும் சில, நிலக்கரித் தூள் கலந்தே வரும். கால்சியம் பென்டோனைட்டைச் சோடா உப்பு சேர்த்து சோடியம் வகையாக மாற்றிய சரக்கும் உண்டு. அது நன்றாகவே உப்பும். கடைக்காரரிடம் கலப்பில்லாத சோடியம் பென்டோனைட், உப்பும் திறன் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

சொன்னதை நம்பாமல் வீட்டிலேயே பார்க்கலாம். 100 மி.லி. அளவு ஜாடி ஒன்றில் சுத்தமான தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இருந்தால் நல்லது. 2 கிராம் பவுடரை நகைக்கடைத் தராசில் நிறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தமாகக் கொட்டக் கூடாது. ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் மேல் தூவி, அது நனைந்து இறங்கிய பிறகு அடுத்த சிட்டிகை. பொறுமையாகப் போட்டு முடித்து ஒரு நாள் அசைக்காமல் வைத்தால், அடியில் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில் பஞ்சு போல ஒரு படிவு எழுந்து நிற்கும். அதன் மேல்மட்டம் 24 மி.லி. கோட்டைத் தொட்டிருந்தால் தரமான சரக்கு. குப்பைக்கிடங்கின் அடித்தளத்துக்குப் போடும் பென்டோனைட்டுக்கே இந்த அளவைத்தான் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறார்கள். 10 மி.லி.யைத் தாண்டாமல் நின்றுவிட்டால் அது கால்சியம் வகை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே சோதனையை உங்கள் போர்த் தண்ணீரிலும் ஒரு முறை செய்து, இரண்டு ஜாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர்த் தண்ணீர் ஜாடியில் படிவு வெகுவாகக் குறைந்திருந்தால், குட்டையிலும் அதுதான் நடக்கப் போகிறது.

ஷீட்

ஷீட்டின் பலம் எளிமையானது. கசிவு கிட்டத்தட்ட இல்லை, காய்ந்தாலும் வெடிக்காது, தண்ணீர் உப்போ கடினமோ அதற்குக் கவலையில்லை. சரிவையும் மண்தரைக் குட்டையைவிடச் செங்குத்தாக வைக்கலாம். அதனால் அதே இடத்தில் தண்ணீர் அதிகம் பிடிக்கும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

மேலே 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்று ஒரு குட்டையை எடுத்துக்கொள்வோம். ஷீட் போட்டால் ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் உள்ளே வரும் சரிவு போதும். அடி 11 மீட்டர் சதுரம் கிடைக்கும், கொள்ளளவு 7.4 லட்சம் லிட்டர். களிமண்ணோ பென்டோனைட்டோ என்றால் அந்தச் சரிவில் ரோலர் ஏறாது, நனைந்த மண்ணும் வழுக்கி இறங்கிவிடும். குறைந்தது ஒன்றுக்கு இரண்டு வேண்டும். அப்போது 6.2 லட்சம் லிட்டர். ஒன்றுக்கு மூன்றுதான் பாதுகாப்பு என்று வைத்தால் அடியில் 2 மீட்டர் சதுரம்தான் மிஞ்சும், கொள்ளளவு 4.4 லட்சம் லிட்டராக விழுந்துவிடும். நிலம் குறைவாக உள்ளவருக்கு இந்த ஒரு கணக்கே முடிவைச் சொல்லிவிடும்.

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. அளவைத் தருகிறேன், உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தக் குட்டைக்கு, கரை மேல் புதைக்கும் ஓரத்தையும் சேர்த்து, சுமார் 570 சதுர மீட்டர் ஷீட் வேண்டும். பென்டோனைட் என்றால் சுமார் 440 சதுர மீட்டர் பரப்புக்கு, 10 கிலோ கணக்கில் 4.4 டன், 88 மூட்டை. சரளை அதிகம் என்று 15 கிலோ போட்டால் 6.6 டன், 132 மூட்டை. அதோடு உழவு, ரோலர், மூடுமண், ஆள்கூலி.

ஷீட்டில் 500 மைக்ரான் எச்டிபிஇ (கெட்டிப் பாலித்தீன்) எடுங்கள். 300 மைக்ரான் மலிவாக இருக்கும், சரளை முனை அதைச் சீக்கிரம் துளைத்துவிடும். விரிப்பதற்கு முன்னால் சரிவில் துருத்தும் கற்களைக் கையால் தடவித் தடவி எடுத்து, வேரை வெட்டி, மேலே சலித்த மண்ணோ எம்-சாண்டோ இரண்டு மூன்று அங்குலம் பூசிவிட வேண்டும். கரை மேல் ஓரடி, ஒன்றரையடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து ஷீட்டின் ஓரத்தை அதில் மடித்துப் புதைக்க வேண்டும். இதைச் சோம்பலாகச் செய்தால் ஆடி மாதக் காற்றில் காலியான குட்டையின் ஷீட் எழும்பிக் கிழியும். வெயில் படும் மேல் சரிவுதான் முதலில் நைந்துபோகும்.

அதன் எதிரிகள் எலி, நண்டு, ஆடு, மாடு, காட்டுப்பன்றி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானை இறங்கினால் ஒரே இரவில் முடிந்தது கதை. ஓட்டை விழுந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று: ஷீட் சரிவு வழுக்கும். விழுந்த குழந்தையோ ஆட்டுக்குட்டியோ தானாக ஏறி வர முடியாது. வேலி இல்லாமல், நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கவிடாமல் ஷீட் குட்டையில் தண்ணீர் விடக் கூடாது. மானியம் கிடைக்குமா என்பதை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் குட்டை வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அளவும் ஷீட் கனமும் அவர்கள் விதிக்குப் பொருந்தியிருக்க வேண்டும்.

ஏரி வண்டலும் கரிசலும்

பென்டோனைட் பற்றிப் பேசுகிறவர்கள் கண் முன்னால் இருக்கும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கரிசல் மண்ணிலும் இதே மான்ட்மோரில்லோனைட் குடும்பக் களிமண்தான் இருக்கிறது. பென்டோனைட் அளவுக்குச் செறிவாக இல்லை, அவ்வளவுதான். நம் ஏரிகளின் அடியில் நூற்றாண்டுகளாகப் படிந்த வண்டலிலும் களி நிறைய உண்டு. அரசு அனுமதி வாங்கி ஏரி வண்டல் எடுக்கலாம். ஏரிக்கும் நல்லது.

எல்லா வண்டலும் ஆகாது. ஈரமண்ணைக் கையில் உருட்டிப் பென்சில் கனத்துக்குத் திரியுங்கள். உடையாமல் வளையமாக வளைந்தால் களி போதுமானது. வளைக்கும்போதே உடைந்தால் மணல் அதிகம். தரையில் ஓரடி கனத்துக்கு, நான்கு அங்குலத்துக்கு ஓர் அடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளித்துக் கெட்டிக்க வேண்டும். நம் உதாரணக் குட்டைக்குக் கெட்டித்த பிறகு 132 கன மீட்டர். தளர்வாக ஏற்றும்போது கிட்டத்தட்ட 60 யூனிட். ஏரி பக்கத்தில் இருந்தால் நடக்கும். பத்து கிலோமீட்டர் தள்ளி என்றால் டிராக்டர் வாடகையே ஷீட் விலையைத் தொட்டுவிடும்.

இதுவும் காய்ந்தால் வெடிக்கும். ஆனால் ஓரடி கனம் என்பதால் வெடிப்பு அடி வரை போக நாளாகும். மழைக்கு முன் டிராக்டரை விட்டு மறுபடி மிதிக்கவும் செய்யலாம், செலவு குறைவு. மண் இங்கேயே கிடைப்பது, வேலை தெரிந்த ஆட்கள் இருப்பது எல்லாம் இதன் பக்கம்.

கிடைத்த வண்டல் கொஞ்சம் மணற்பாங்காக இருந்தால்தான் பென்டோனைட்டுக்கு நல்ல இடம். மேல் அரையடி வண்டலோடு நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு எடையில் பென்டோனைட் கலந்துவிட்டால், வெறும் சரளையில் கலப்பதைவிட நன்றாகப் பிடிக்கும். சரளையில் பெரிய இடைவெளிகளை பென்டோனைட் மட்டும் நிரப்ப வேண்டியிருக்கும், தண்ணீர் அழுத்தத்தில் அது வெளியே கரைந்து போகவும் வாய்ப்பு உண்டு. வண்டலில் அதன் வேலை பாதி முடிந்தே இருக்கும்.

சிமெண்ட் பற்றியும் கேட்பார்கள். கான்கிரீட் போட்டால் செலவு எங்கோ போகும், அடிமண் கொஞ்சம் உட்கார்ந்தாலும் விரிசல் விடும். சின்னத் தொட்டிக்குச் சரி, குட்டைக்கு வேண்டாம்.

யாருக்கு எது

மழைத் தண்ணீரைப் பிடித்து மார்ச், ஏப்ரலில் மாவுக்குச் சொட்டுநீர் விட்டு, மே மாதம் குட்டையைக் காலி செய்பவர் என்றால் ஷீட்தான். பென்டோனைட் வேண்டாம். சொட்டுநீருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மண்தரைக் குட்டையில் தண்ணீர் குறையக் குறையக் களி கலங்கி ஃபில்டரை அடைக்கும், ஷீட் குட்டையில் அந்தத் தொல்லை குறைவு. போரில் இருந்து கடினத் தண்ணீர் இறைத்துத் தேக்குபவருக்கும் இதேதான்.

மீன் வளர்ப்பவர் கதை வேறு. வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். கட்லா, ரோகு, சாதாக் கெண்டைக்கு மண்தரை இருந்தால் இயற்கை உணவும் உருவாகும். வண்டல் கிடைக்கும் இடத்தில் வண்டலும் பென்டோனைட்டும் கலந்த தரைதான் அவர்களுக்கு என் முதல் தேர்வு. சாதாக் கெண்டை அடிமண்ணைக் கிளறும் என்பதால் மூடுமண்ணை ஓரடியாக்கிவிட வேண்டும். தண்ணீரை வடித்து மீன் பிடித்ததும் குட்டையை அப்படியே காயப் போடாமல் சீக்கிரம் தண்ணீர் விட வேண்டும். யானை வரும் பகுதியில் இருப்பவருக்கும் மண்தரைதான் நல்லது. யானை மிதித்துவிட்டுப் போனாலும் மண் கிழியாது, யானையும் பத்திரமாகச் சரிவேறிப் போய்விடும்.

குட்டை முழுக்க நன்றாக நிற்கிறது, ஒரே இடத்தில்தான் கசிகிறது என்றால் அங்கே பென்டோனைட்டுக்கு இணை எதுவும் கிடையாது. குறிப்பாகக் கரைக்குள் பதித்த குழாய். பிவிசி குழாயின் வழுவழுப்பான மேல்புறத்தை ஒட்டித் தண்ணீர் வழி கண்டுபிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை அரித்து, ஒரு மழைக்குக் கரையையே உடைத்துவிடும். இதைச் சரிசெய்ய இரண்டு மூன்று மூட்டை போதும். நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது, குட்டையின் உள்பக்கம் கரையோரமாகக் குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓரடி இடம் விட்டு, மூன்றடி நீளத்துக்குத் தோண்டுங்கள். எடுத்த மண்ணில் கல்லைப் பொறுக்கிவிட்டு, ஐந்து சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி பென்டோனைட் என்று உலர்வாகவே கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறிக்கொள்ளுங்கள். குழாய்க்கு அடிப்பக்கம்தான் முக்கியம், அங்கே மண் போகாமல் விட்டுப்போவதே வழக்கம். ஒரு கட்டையால் இரு பக்கமிருந்தும் அடியில் இடித்து இடித்துத் திணியுங்கள். அப்புறம் நான்கு அங்குல அடுக்காகக் குழாய்க்கு மேல் ஓரடி வரை ஏற்றி, கடைசி அரையடி சாதாரண மண்ணால் மூடி, தண்ணீர் வந்து மோதும் இடத்தில் பலகைக் கற்களைப் பதித்துவிடுங்கள். ஈரம் பட்டு உள்ளே உப்பி இறுக இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை தண்ணீரைக் குழாய் மட்டத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம்.